மண்டபத்துக்குக் கம்பளம் வாங்கப் போகிற என் ஊர்க்காரர்களுக்கு

சோழபுரத்திலும் சேத்தூரிலும் முகவூரிலும், இராஜபாளையம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரையிலும், இந்த ஆவணிக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிற என் சொந்தங்களே,

நேற்றுச் சாயங்காலம் மைக் கட்டிய ஆட்டோ எங்கள் தெருவில் மூன்று தடவை சுற்றியது. உங்கள் தெருவுக்கும் வந்திருக்கும். கிடங்கைக் காலி செய்கிறார்களாம். வெளிநாட்டுக்குப் போகவேண்டிய கையால் முடிச்சிட்ட கம்பளங்களாம். எழுபது சதவீதம் தள்ளுபடி, ஞாயிறு வரைக்கும்தானாம். ஆடியில் நாம் புதுவீடு புகமாட்டோம். ஆவணிக்கு நாள் குறித்துவிட்டு ஆடியில் சாமான் சேர்ப்போம். நம் பழக்கம் அவர்களுக்கும் தெரியும். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற கூட்டம் எந்த வழியாகத் திரும்பும் என்பதும் தெரியும். அந்த வழியில்தான் மண்டபம் பிடிக்கிறார்கள்.

நீங்கள் அங்கே போவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். போகவேண்டாம் என்று சொல்லவரவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன் இதே ஆடியில் இப்படி ஒரு மண்டபத்துக்குள் நானும் போனேன். சின்னவள் வீட்டுக்குக் கூடத்தில் விரிக்க ஒரு கம்பளம் வாங்கவேண்டும் என்று ஆசை. அட்டையில் 38,000 ரூபாய் என்று எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்து, 11,000 என்று போட்டிருந்தது. நாலுக்கு ஆறு அடி. அடர் சிவப்பில் கருநீலப் பூ. கையை வைத்தால் உள்ளே புதைந்தது. விற்ற பையன் அரைகுறைத் தமிழில், "முழுக்கக் கைமுடிச்சு அக்கா, ஒரு இஞ்சுக்கு நூறு முடிச்சு" என்றான். பின்பக்கம் முழுக்கக் கனமான துணி வைத்துத் தைத்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "முடிச்சு தேயாம இருக்க, பாதுகாப்பு" என்றான். நான் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் மகள் போன் பண்ணினாள். கம்பளத்தை எடுத்துப் பெருக்கினால் தரையில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி கிடக்கிறது, ரப்பர் நாற்றம் அடிக்கிறது, பிள்ளை தும்முகிறான் என்றாள். போய்ப் பார்த்தேன். பின்துணியின் தையலைப் பிளேடால் பிரித்தேன். உள்ளே முடிச்சு ஒன்றுகூட இல்லை. ஒரு சல்லடைத் துணி, அதன்மேல் காய்ந்து வெடித்த பால்பசை. முன்பக்கம் ஒரு கொத்து நூலை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன்; பல் விழுகிற மாதிரி கையோடு வந்துவிட்டது.

அது கன்னால் அடித்த கம்பளம். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, படத்தை வரைந்து, துப்பாக்கி மாதிரி, கன் என்கிற ஒரு கருவியால் நூலைக் குத்திக் குத்தி இறக்குவார்கள். பின்னால் பசை பூசி, பசை தெரியாமல் இருக்கத் துணி ஒட்டுவார்கள். பசை காய்ந்து வெடிக்கிற வரைக்கும்தான் அதற்கு ஆயுள். அதுவும் ஒரு தொழிலாளியின் உழைப்புதான். அதை அதுவென்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் எனக்கு வழக்கே இல்லை. முடிச்சு என்று சொல்லி விற்றதுதான் என் மனத்தை அறுத்தது. அதுவும் என்னிடம்.

ஏன் 'என்னிடம்' என்கிறேன் என்றால், இருபத்து நான்கு வருஷம் நூற்பு மில்லில் கோன் வைண்டிங்கில் நின்றவள் நான். அறுந்த நூலின் இரண்டு நுனியையும் தேடிப் பிடித்து, விரலாலேயே முடிச்சுப் போட்டு, வாலைக் கத்தரித்து, மறுபடி ஓடவிட வேண்டும். முடிச்சு தடித்தால் தறியில் மாட்டும், தளர்ந்தால் பாவிலேயே அறும். காற்றால் நூலை ஒட்டுகிற இயந்திரம் வருகிற வரைக்கும் ஒரு ஷிப்டுக்கு எத்தனை முடிச்சுப் போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. என் வலது கட்டைவிரல் நுனியில் அந்தக் காய்ப்பு இன்றைக்கும் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். பித்தளையில் மடக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடியைத் துணிமேல் நிறுத்தி, ஓர் அங்குலத்துக்குள் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணுவார். குறைந்தால் மொத்தக் கட்டும் திரும்பிப் போகும்.

உங்கள் வீடுகளும் அப்படித்தானே? 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து நம் வட்டாரத்தில் பஞ்சும் நூலும் தொடாத குடும்பம் குறைவு. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியத்திலும் கைத்தறிச் சேலை. சேலையை வாங்கும்போது முந்தியைத் திருப்பி, பின்பக்கம் இழை தொங்குகிறதா என்று பார்க்காத பெண் நம் ஊரில் உண்டா? அப்படிப்பட்ட நாம் மண்டபத்துக்குள் போனதும், விளக்கு வெளிச்சத்திலும் தள்ளுபடி அட்டையிலும் அந்தக் கையை மறந்துவிடுகிறோம். நான் மறந்தேன். நீங்கள் மறக்கக்கூடாது.

கம்பளத்தைப் பிரித்துப் பார்த்ததற்கு அடுத்த வருஷம், காலமான என் வீட்டுக்காரரின் காரியமாக மகனோடு காசிக்குப் போனேன். கம்பளத்துக்குப் பேர்போன பதோஹி அங்கிருந்து பக்கம்தான் என்று கேள்விப்பட்டதும், பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தேன். மகன் ஒரு காரைப் பிடித்தான். ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில், ஓட்டுவீட்டுத் திண்ணையை ஒட்டிய கொட்டகையில், செங்குத்தாக நிற்கிற தறியைப் பார்த்தேன். நம் குழித்தறி மாதிரியே காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, பலகைமேல் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குமேல் ஒரு கம்பில் நிறம் நிறமாகக் கம்பளி உருண்டைகள். எதிரே கட்டம் போட்ட தாளில் படம். ஒரு கட்டம் ஒரு முடிச்சு. பெரியவர் இடதுகை விரலால் இரண்டு பாவு இழையை முன்னே இழுத்தார், கம்பளி நூலை அவற்றைச் சுற்றி உள்ளே விட்டு வெளியே எடுத்தார், கீழே இழுத்தார், வலதுகைக் கத்தியால் வெட்டினார். 'டக்'. அடுத்தது. 'டக்'. நான் கண்ணை இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைக் குறுக்கே ஓட்டி, இரும்புப் பல் வைத்த சீப்பால் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த அடியில்தான் முடிச்சு இறுகுகிறது. அவர் புருவத்திலும் காதுமடலிலும் கம்பளிப் பிசிறு படிந்திருந்தது. மில்லில் இருந்து வீடு திரும்பும்போது நம் தலையில் பஞ்சு படிந்திருக்குமே, அதே மாதிரி.

அவர் கையை வாங்கிப் பார்த்தேன். காய்ப்பு ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் இருந்தது. என் கட்டைவிரலைக் காட்டினேன். பாஷை தெரியாவிட்டாலும் அவர் சிரித்தார். மகனைப் பற்றி விசாரித்தேன். கட்டட வேலையில் இதைவிட அதிகக் கூலி கிடைக்கிறது என்று சூரத்துக்குப் போய்விட்டானாம். காலியாக இருந்த மூன்றாவது ஆளின் இடத்தைக் கையால் தடவிக் காட்டினார்.

இனி நான் போட்டுப் பார்த்த கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். நாலுக்கு ஆறு அடிக் கம்பளம் என்றால் 48 அங்குலத்துக்கு 72 அங்குலம், மொத்தம் 3,456 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு நூறு முடிச்சு என்றால் 3,45,600 முடிச்சு. ஒருவர் நாளைக்கு ஆறாயிரம் முடிச்சுப் போடுகிறார் என்று வையுங்கள். கிட்டத்தட்ட 58 நாள். நான் கொடுத்த 11,000 ரூபாயை 58 நாளால் வகுத்தால் நாளைக்கு 190 ரூபாய் வருகிறது. அதிலிருந்து கம்பளிக்கு, சாயத்துக்கு, கழுவி மயிர் கத்தரிக்க, பதோஹியில் இருந்து லாரி வாடகைக்கு, மண்டப வாடகைக்கு, மைக் ஆட்டோவுக்கு, விற்றவர் லாபத்துக்கு எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டவருக்கு என்ன மிச்சம்? நூறுநாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த கூலி 336 ரூபாய்.

ஆக, அந்த விலையில் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். முடிச்சே இல்லாமல் என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால், முடிச்சு உண்மையாக இருந்து அதைப் போட்டவரை ஏமாற்றியிருக்க வேண்டும். எனக்கு முதலாவது நடந்தது. இரண்டாவது நடந்திருந்தால் பேரனுக்குத் தும்மல் வந்திருக்காது; நானும் லாபம் என்று சந்தோஷப்பட்டிருப்பேன். அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

"ஏற்றுமதி நின்றுபோன சரக்கு, அதனால்தான் மலிவு" என்று சொல்வார்கள். அதில் முழுப் பொய் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, அந்த நாட்டையே பெரிதும் நம்பியிருந்த பதோஹியில் கம்பளம் தேங்கி, தறிகள் நின்றன. தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளவேண்டிய நெருக்கடி உண்மையிலேயே ஒருவருக்கு இருக்கலாம். அப்படிப்பட்டவர் நம் ஊருக்கு வந்தால் மரியாதையாக வாங்கவேண்டியது நம் கடமை. ஆனால் அவர் கம்பளத்தின் பின்பக்கத்தைத் துணி வைத்து மறைக்கமாட்டார்.

பின்பக்கம்தான் கம்பளத்தின் முகம். கையால் முடிச்சிட்டதைப் புரட்டினால் முன்னால் உள்ள பூ அப்படியே பின்னாலும் தெரியும். துணியும் இருக்காது, பசையும் இருக்காது. முடிச்சுகள் கேழ்வரகு மணி மாதிரி வரிசையாகக் கையில் தட்டுப்படும். ஒரே நிறத்தில் இரண்டு இரண்டு மணியாகச் சேர்ந்திருந்தால் இரண்டும் சேர்த்து ஒரு முடிச்சு என்று எண்ணுங்கள். ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்துக்குக் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று எண்ணிப் பெருக்கினால் அவர்கள் சொன்ன கணக்கு சரியா என்று தெரிந்துபோகும். பூ பின்னால் தெரிவது மட்டும் போதாது, மெஷினில் நெய்ததிலும் தெரியும். ஆனால் மெஷின் நெசவு இம்மி பிசகாமல் ஒரே சீராக இருக்கும். ஓரத்தைத் தையல் மெஷினால் சுற்றியிருப்பார்கள். கைவேலையில் ஒரு முனை விரற்கடை அகலம் கூடும், நடுவில் ஒரு வரியில் சிவப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும், ஏனென்றால் அந்த இடத்தில் ஒரு சாயப் பானை முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கிறது. இதைக் குறை என்று சொல்லி விலை குறைக்கக் கேட்காதீர்கள், அதுதான் கையின் அடையாளம். குஞ்சத்தையும் இழுத்துப் பாருங்கள். உண்மைக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம், கம்பளத்துக்குள்ளிருந்தே வரும். என்னுடையதில் வாங்கித் தைத்த குஞ்சம்.

பட்டு என்றால் இன்னொரு சோதனை. ஒரு கொத்து நூலைக் கேட்டு வாங்கித் தீயில் காட்டுங்கள். பட்டும் கம்பளியும் தலைமயிர் கருகுகிற வாடை அடிக்கும். ரேயான் காகிதம் எரிகிற வாடை. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பைத் தேய்த்தால் சாயம் நிற்குமா ஓடுமா என்று அங்கேயே தெரியும். இதற்கெல்லாம் மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. அதே மண்டபத்தில், பக்கத்து மேசையில், ஒரு சின்னப் பட்டுக் கம்பளத்தைக் காட்டி விற்பனைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "சின்னப் பிள்ளைங்க விரல்ல போட்டதும்மா, அதான் இவ்வளவு நைஸ்." சுற்றி நின்றவர்கள் ஆச்சரியத்தோடு தடவிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சிவகாசி நம் மாவட்டம். தீப்பெட்டிக்குச் சின்னக் கைதான் லாயக்கு என்று விடியற்காலையில் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிவகாசி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று நம் பக்கத்து வீட்டு அம்மாக்கள். அவர்களிடம் கேளுங்கள், சின்ன விரல் என்ன பாடுபட்டது என்று. நுண்ணிய முடிச்சு வருவது பழகிய கையால். நான் பதோஹியில் பார்த்த கை ஐம்பது வயதைத் தாண்டிய கை.

கம்பளத் தொழிலிலும் இதே கொடுமையை எதிர்த்துத்தான் கைலாஷ் சத்யார்த்தியும் மற்றவர்களும் 1994இல் ரக்மார்க் என்ற முத்திரையைக் கொண்டுவந்தார்கள். இன்று அதன் பெயர் குட்வீவ். எண் போட்ட சிறு சீட்டாகக் கம்பளத்தின் பின்னால் இருக்கும். காஷ்மீர்க் கைமுடிச்சுக் கம்பளங்களுக்கும் புவிசார் குறியீட்டோடு, செல்போனில் படித்துப் பார்க்கக்கூடிய க்யூ.ஆர். குறியீட்டுச் சீட்டை 2022 முதல் கொடுக்கிறார்கள். சீட்டு இல்லாததெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சின்ன நெசவாளர்கள் பலருக்கு அது எட்டுவதில்லை. ஆனால் யார் நெய்தது, எந்த ஊர் என்ற கேள்வியை நீங்கள் கேட்டாகவேண்டும். "பிள்ளைங்க விரல்" என்ற பதில் வந்தால் அந்த மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் செய்யத் தவறியது அது.

மலிவைக் கேட்டுக் கேட்டே ஒரு தொழிலைச் சாகடித்துவிடலாம். நம் தமிழ்நாட்டிலேயே வாலாஜாபேட்டையிலும் தஞ்சாவூர்ப் பக்கம் அய்யம்பேட்டையிலும் முடிச்சுக் கம்பளம் நெய்திருக்கிறார்கள். 1908இல் ஹென்றி ஹாரிஸ் என்பவர் தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றித் தனிநூலே எழுதினார். குறைந்த விலைக்குக் கேட்ட வியாபாரமும், சிறையில் கைதிகளை வைத்து நெய்து போட்டிக்கு விட்ட கம்பளங்களும், சீக்கிரம் வெளுத்துவிடுகிற அனிலின் சாயமும் சேர்ந்து இந்தியக் கம்பளத்தின் மதிப்பைக் கெடுத்தன. இன்று வாலாஜாவில் போய்க் கம்பளத்தறி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பவானி ஜமுக்காளத்துக்கும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. 1985ஆம் வருஷத்துச் சட்டம் ஜமுக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியும், புவிசார் குறியீடு கிடைத்தும், சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பெயரில் விற்கிறது. வாங்குகிற நாம் புரட்டிப் பார்ப்பதில்லை என்ற தைரியம்தான்.

கம்பளம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வெயிலுக்கும் நம் கூடத்துக்கும் பத்தமடைப் பாய் போதும். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கிழித்து, பட்டு மாதிரி மடிகிற பாயாக நெய்கிறார்கள். அரை நாளில் போய் நெய்கிறவர் வீட்டிலேயே வாங்கிவரலாம். விலையைக் கேட்டு அதிர்ந்துபோகாதீர்கள். கோரையிலும் அதே கணக்குதான், எத்தனை இழை, எத்தனை நாள்.

நான் கேட்பது இதுதான். மண்டபத்துக்குள் நுழைந்ததும் விலை அட்டையைப் பார்க்காதீர்கள், கம்பளத்தைப் புரட்டுங்கள். பின்னால் துணி ஒட்டியிருந்தால், கன்னால் அடித்ததா என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அதற்குத் தகுந்த விலைக்குப் பேசுங்கள். முடிச்சு உண்மையாக இருந்தால், நாளைக் கணக்குப் போட்டுவிட்டு அதற்குக் கீழே பேரம் பேசாதீர்கள். கட்டுப்படியாகாவிட்டால் சின்ன அளவு வாங்குங்கள், இரண்டடிக்கு மூன்றடி போதும். எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில்லில் "கையால் முடிச்சிட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். கம்பளியா, பட்டா, என்ன அளவு, விற்பவரின் நிரந்தர முகவரி, ஜி.எஸ்.டி. எண், எல்லாம் இருக்கவேண்டும். என் பில்லில் "கார்பெட் 1" என்றுதான் இருந்தது. பொடி உதிரத் தொடங்கியபோது அதிலிருந்த போன் எண் வேலை செய்யவில்லை. என்ன என்று புகார் கொடுப்பது, யார்மேல் கொடுப்பது?

எழுத்தில் இருந்தால் பிடி இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு குடும்பம் அப்படி வழக்குப் போட்டால், அடுத்த ஆடிக்கு மைக்கில் என்ன சொல்வது என்று அவர்கள் யோசிப்பார்கள்.

தனியாகப் போகவும் வேண்டாம். விற்கிறவர்கள் ஐந்தாறு பேர் சூழ்ந்து நிற்பார்கள், டீ கொடுப்பார்கள், புரட்டிப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சோழபுரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். மண்டபத்துக்குப் போகிறவர்கள் என்னோடு வாருங்கள். என் வீட்டுக்காரரின் பித்தளைக் கண்ணாடியை நேற்றுத்தான் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். பையில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் ஊர்க்காரி
சோழபுரம்